ஒருசந்தியில் அப்பா குடித்த சாக்லேட்

“கொண்டு வந்த சாக்லேட்டைத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போங்க.”

உலகத்தில் வேறு எதை வேண்டுமானாலும் சொல், இதை மட்டும் சொல்லாதே என்று சொல்லித்தான் எங்கள் ஊரில் பெண்பிள்ளைகளை வளர்க்கிறார்கள். பெண் கேட்டு வந்த சாக்லேட்டைக் கரைத்து வீட்டுப் பீடத்துக்கு முன்னால் வைத்து, வீட்டுக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டால் முடிந்தது. பீடத்தில் இருக்கும் மாதாவும், அவளுக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் செத்துப்போன பாட்டன்மாரும் சாட்சி. அதற்கப்புறம் எடுத்துக்கொண்டு போகச் சொல்வது சாமி வாயில் போனதைப் பிடுங்குவது மாதிரி.

நான் சொல்லிவிட்டேன். பெரிய வியாழன் காலை, துணி காயப்போட்ட காலிப் பக்கெட்டோடு, பீட அறை வாசலில் நின்று.

அறையில் மூன்று பேர் இருந்தார்கள். என் அப்பா திராங்கிலீனோ, மீசையில் நுரையோடு. அடுத்த தெரு கிரெசென்சியா, இடுப்பில் கை வைத்து. பேச்சுக்காரர் பிலோகோனியோ, நாற்காலியில் தொப்பியை மடியில் வைத்து. எங்கள் ஊரில் பெண் கேட்பது, கடன் கேட்பது, மன்னிப்புக் கேட்பது எல்லாவற்றுக்கும் அவர்தான் போவார். சொந்தமாக எதையும் கேட்டதில்லை என்பதால் அவருக்கு ஊரில் நல்ல பெயர்.

கிரெசென்சியா அசரவில்லை. “எடுத்துக்கிட்டுப் போறேன் புள்ள. கூடையில இருக்கிற கட்டிய அள்ளிக்குவேன், ரொட்டிய அள்ளிக்குவேன். ஒங்கப்பா வயித்துல இருக்கிறத எப்படி எடுக்கறது, சொல்லு.”

“சித்தி, இது நியாயமில்ல.”

“இன்னும் என்ன சித்தி. அத்தைன்னு கூப்பிட்டுப் பழகு.”

நடந்தது இதுதான். இந்த வருஷம் ஆண்டவருடைய பெட்டிக்கு அப்பாதான் பொறுப்பாளி. செத்த ஆண்டவர் சுரூபம் படுத்திருக்கிற கண்ணாடிப் பெட்டியைத் துடைப்பது, பூ வைப்பது, வெள்ளிக்கிழமை ஊர்வலம் எடுப்பது, ஞாயிற்றுக்கிழமை ஊருக்கே விருந்து வைப்பது எல்லாம் அவர் தலையில். அதற்காகப் புதன்கிழமை தொடங்கி ஊர்வலம் முடியும்வரை பொறுப்பாளியின் தொண்டைக்குள் திடமாக ஒன்றும் இறங்கக்கூடாது. ஓடுகிற எதுவும் போகலாம், மெல்லுகிற எதுவும் போகாது. மீறினால் பெட்டி கனத்துவிடும். முன்னொரு வருஷம் பெட்டி கோயில் வாசப்படியில் நின்றுபோய், எத்தனை ஆம்பளை சேர்ந்தும் அசையவில்லையாம். விசாரித்தால், பொறுப்பாளி ஆட்டுப்பட்டிக்குள் ஒளிந்து நின்று பன்றிக்கறிக் கொழுக்கட்டை தின்றிருக்கிறான். அந்தக் குடும்பத்தை இன்றைக்கும் கொழுக்கட்டை வீடு என்றுதான் சொல்கிறார்கள்.

விருந்துக்கு உதவியாகச் சொந்தபந்தங்கள் இந்த வாரம் முழுக்கச் சாக்லேட்டும் ரொட்டியும் கூடை கூடையாகக் கொண்டுவருவார்கள். அம்மா சோளம் அரைக்க மில்லுக்குப் போன நேரம் பார்த்து கிரெசென்சியாவும் கூடையோடு வந்தாள். கூடவே கொக்கோ விழுதும் மத்தும் ஒரு பானை சூடான சோளக்கஞ்சியும். “பாவம், நோன்பு மனுசன், தெம்பா ஒரு வாய் குடிக்கட்டும்” என்று சொல்லி முற்றத்தில் உட்கார்ந்து நுரை கடைய ஆரம்பித்தாள். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

“ஒத்தீலியா, நீ மொட்டை மாடிக்குப் போ கண்ணு. கோவக்காரி பாத்தா நுரை எழும்பாது.”

சாக்லேட் நுரைக்குக் கோபக்காரர்கள் ஆகாது என்பது எங்கள் ஊர் விதி. பத்து வயதிலிருந்தே என்னைப் பானைக்குப் பக்கத்தில் விட்டதில்லை. இது மூடத்தனம் என்று விளக்கப் போனால் இன்னும் கோபம் வரும், இன்னும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்வார்கள். பேசாமல் துணி காயப்போட மேலே போனேன். நான் மேலே ஏறியதும் பின்வாசல் வழியாகப் பிலோகோனியோ வந்தார். கூடையை மூடியிருந்த துணியை எடுத்தார்கள். உள்ளே பூச்சுற்றிய பெரிய மெழுகுவர்த்தி. அந்த வர்த்தி பெண் கேட்கும்போது மட்டும்தான் வரும். அப்பா அதைப் பார்த்தாரா என்றால், அவர் கண் சாக்லேட் ஊற்றிய சுரைக் குடுக்கையில் இருந்தது. ஒரு நாள் முழுக்க வெறுந்தண்ணீரில் இருந்த மனுஷன் முகத்துக்கு நேரே நுரை பொங்கும் சாக்லேட்டை நீட்டினால் வர்த்தி தெரியுமா, வாசல்தான் தெரியுமா. குடித்தார். இன்னொன்று கேட்டும் குடித்தார். அதற்குள் பிலோகோனியோ வர்த்தியைப் பீடத்தில் ஏற்றிவிட்டு, “பெரிய மனசு பண்ணி எங்க வார்த்தைய ஏத்துக்கிட்டீங்க” என்று கும்பிட, அப்போதுதான் அப்பாவுக்கு இது விருந்து உதவி இல்லை என்று உறைத்திருக்கிறது.

அவர்கள் அவசரப்பட்டதற்குக் காரணம் நான். திங்கட்கிழமை நகரத்து ஆவணக் காப்பகத்தில் வேலைக்குச் சேர வேண்டும். அறை பார்த்தாகிவிட்டது. பையும் கட்டியாகிவிட்டது. எங்கள் வீட்டில் முதன்முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். முதன்முதலில் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்கப்போகிறவளும் நான். அப்பா “போயிட்டு வா” என்று சொல்லியிருந்தார். அந்தச் சொல் இருந்தது இரண்டு குடுக்கை சாக்லேட் வரைக்கும்தான்.

“லியோபார்தோ கேட்டானா என்னை?” என்று கிரெசென்சியாவிடம் கேட்டேன். லியோபார்தோ அவள் மகன். கலிபோர்னியாவில் ஒரு ஜப்பான்காரன் உணவுக்கடையில் பாத்திரம் கழுவுகிறான்.

“அவனுக்கு என்ன தெரியும். ஈஸ்டர் முடியட்டும், போன்ல சொல்லிக்கலாம்.”

“அவனுக்கே தெரியாதா?”

“சந்தோசமான விசயத்த மொள்ள மொள்ளச் சொல்லணும் புள்ள.”

ஆக, பெண்ணையும் கேட்கவில்லை, பையனையும் கேட்கவில்லை. ஒரு வயிறும் ஒரு குடுக்கையும் சேர்ந்து நிச்சயம் பண்ணியிருக்கின்றன. அந்த நேரம்தான் எனக்கு என் படிப்பு ஞாபகம் வந்தது.

நான் பட்டத்துக்கு எழுதிய ஆய்வேடு சாக்லேட்டும் கோயிலும் பற்றியது. “பொண்ணு என்ன படிக்குது” என்று யாராவது கேட்டால் அம்மா “சாக்லேட்” என்பாள். “அதுக்கு எதுக்குக் காலேஜு, அம்மி இருக்கே” என்பார்கள். எங்கள் பழைய ராஜாக்கள் கல்யாணத்தில் நுரை பொங்கும் குடுக்கையோடு உட்கார்ந்திருப்பதை மான்தோலில் படமாக வரைந்து வைத்திருக்கிறார்கள். தெய்வத்துக்குப் படைத்ததும் அதைத்தான். பாதிரிமார் வந்தார்கள், தெய்வங்களை உடைத்தார்கள், குடுக்கையை மட்டும் விட்டுவைத்தார்கள். ருசி பார்த்துவிட்டார்கள், அதனால். பிறகு ஆரம்பித்தது சண்டை: ஒருசந்தி நாளில், அதாவது நோன்பு நாளில், சாக்லேட் குடிக்கலாமா, கூடாதா. தோமினிக்கன் சபைக்காரர்கள் கூடாது என்றார்கள், அது தீனி. இயேசு சபைக்காரர்கள் குடிக்கலாம் என்றார்கள், அது பானம். கொக்கோ வியாபாரத்தில் அவர்களுக்கும் கை இருந்தது. பாப்பரசர் வரைக்கும் கேள்வி போய், கடைசியில் ஒரு கர்தினால், ஓடுகிற பொருள் நோன்பை முறிக்காது என்று எழுதிக் கொடுத்தார். தெற்கே சியாப்பாஸில் சீமாட்டிகள் பூசை நடுவிலேயே வேலைக்காரிகளை விட்டுச் சாக்லேட் வரவழைத்துக் குடித்தார்களாம். ஆயர் தடை போட்டார். சீமாட்டிகள் வேறு கோயிலுக்குப் போய்விட்டார்கள். ஆயரும் கொஞ்ச நாளில் போய்ச் சேர்ந்தார். அவருக்குக் கடைசியாகக் கொடுத்த சாக்லேட்டில் ஏதோ இருந்தது என்று ஊர் பேசிக்கொண்டது.

இவ்வளவும் படித்தவளை மொட்டை மாடிக்கு அனுப்பிவிட்டுப் பெண் கேட்டிருக்கிறார்கள்.

பக்கெட்டைக் கீழே வைத்தேன். “பெரியப்பா, ஒரு சந்தேகம். வாக்கு எப்ப விழுது? குடிச்சா விழுதா, உண்டா விழுதா?”

விதி பற்றிக் கேட்டால் பிலோகோனியோவுக்கு உடம்பு நிமிரும். “உண்டாத்தான் தாயி. ஒரே பீடத்துக்கு முன்னால ரெண்டு வீடும் சேந்து உண்ணணும். தண்ணி குடிச்சா வாக்கு விழாது. தண்ணி தாகத்துக்கு. நாய்க்குக்கூட ஊத்துறோம்.”

“அப்ப எங்கப்பா உண்டாரா?”

“உண்டாரே. கண்ணால பாத்தேனே.”

“அப்ப நோன்பு முறிஞ்சிருச்சு.”

அப்பாவின் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆனது. “நான் எங்க உண்டேன்? குடிச்சேன். ஓடுற பொருள்தானே, ஆகும்னுதானே குடிச்சேன்.”

“குடிச்சா வாக்கு விழாதுன்னு பெரியப்பா இப்பத்தான் சொன்னாரு. சித்தி, கூடையை எடுங்க.”

“இரு இரு இரு” என்றார் பிலோகோனியோ. தொப்பி மடியிலிருந்து விழுந்தது. “சாக்லேட்டுன்னா ஒண்ணு இல்ல, ரெண்டு. அடியில இருக்கிற கஞ்சி ஓடும், ஒத்துக்கறேன். மேல இருக்கிற நுரை? அத யாராவது குடிப்பாங்களா? உதட்டால கவ்வி, வாயில போட்டு அதக்கணும். அது தீனி. நுரையத் தின்னா உண்டதுதான்.”

“நான் நுரையை ஊதித் தள்ளிட்டேன்” என்றார் அப்பா.

“மீசையப் பாருங்க” என்றாள் கிரெசென்சியா.

அப்பா சட்டைக்கையால் மீசையைத் துடைத்தார். துடைத்த கையைப் பார்த்தார். அதை என்ன செய்வதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

“திராங்கிலீனோ, பீடத்துக்கு முன்னால பொய் சொல்லாத” என்றார் பிலோகோனியோ.

“தின்னேன்னா நாளைக்குப் பெட்டி எந்திரிக்காது. தின்னலைன்னா இவளுக்குக் குடுத்த வாக்கு நிக்காது. நான் என்னதான் சொல்லணும்?” கொழுக்கட்டை வீடு அவர் கண் முன்னால் நின்றது எனக்கே தெரிந்தது. பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. சிரித்தால் ஜெயித்தது கெட்டுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பாதர் எவாரிஸ்தோ. வயசு என்னைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கும். புனித வாரத்தில் ஏழு ஊரைக் கட்டி மேய்க்கிறார். கண்ணாடிப் பெட்டியின் சாவி வாங்க வந்தவர், மூக்கை உயர்த்தினார்.

“ஆகா. இன்னும் இருக்கா?”

யாரும் வாய் திறப்பதற்குள் கிரெசென்சியா ஒரு குடுக்கையை நிறைத்து நீட்டிவிட்டாள். பாதர் நின்றவாக்கிலேயே குடித்து முடித்து, உதட்டில் ஒட்டியிருந்ததையும் நாக்கால் எடுத்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் அறையில் நாலு பேரும் அவரையே பார்ப்பதைக் கவனித்தார்.

“என்ன?”

“பாதர், நீங்க இப்ப உண்டீங்களா, குடிச்சீங்களா?” என்றேன்.

விஷயத்தைச் சொன்னோம். அதாவது நாலு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். பாதர் குடுக்கையை மெதுவாகக் கீழே வைத்தார்.

“முதல்ல, இன்னைக்கு வியாழன். திருச்சபைச் சட்டப்படி இன்னைக்கு ஒருசந்தியே கிடையாது.”

“அது உங்க திருச்சபை” என்றார் பிலோகோனியோ. “இது எங்க ஆண்டவரு.”

“சரி. ஆண்டவர் இந்த மாதிரி நுரையை எல்லாம் நிறுத்துப் பாக்க மாட்டாருங்க.”

“அப்ப நாளைக்கு நீங்களே வந்து பெட்டியோட முன்கால் தூக்குங்க பாதர். கனத்துச்சுன்னா உங்க தோள்தான்.”

பாதர் தோளைத் தடவிக்கொண்டார். என்னைப் பார்த்தார். “நீ இதைப் பத்தித்தானே படிச்சே? ரோமாபுரி என்ன சொல்லுது?”

“பானம்னு சொல்லுது.”

“அவ்வளவுதான். பானம்.” சாவிக்குக் கை நீட்டினார்.

“ஆனா பாதர், நீங்களும் இந்த வர்த்திக்கு முன்னால குடிச்சிட்டீங்க” என்றார் பிலோகோனியோ, ரொம்பப் பணிவாக. “வெளியாள் குடிச்சா சாட்சின்னு அர்த்தம். நீங்க இப்ப நிச்சயத்துக்குச் சாட்சி.”

பாதர் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் அப்பா எழுந்தார். நோன்பில் ஒட்டிய கன்னம், சிவந்த கண். ஏதோ தரிசனம் கண்டவர் மாதிரி இரண்டு கையையும் விரித்தார்.

“நான் ஒண்ணு சொல்றேன். ஆண்டவருக்கு முன்னால அது தண்ணி. கிரெசென்சியாவுக்கு முன்னால அது தீனி.”

பிலோகோனியோ தொடையில் தட்டினார். “திராங்கிலீனோ, நீ படிச்சிருக்கணும்டா.” கிரெசென்சியா சிலுவை போட்டுக்கொண்டாள். பாதரும் பெருமூச்சு விட்டு, அதில் இறையியல் குழப்பம் பெரிதாக ஒன்றும் இல்லை என்று முணுமுணுத்தார். இத்தனை பாப்பரசர்களும் ஒரு கர்தினாலும் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்ட வழக்கை, எழுதப் படிக்கத் தடுமாறுகிற என் அப்பா ஒரே மூச்சில் முடித்துவிட்டார். பெட்டியும் எழும்பும், வாக்கும் நிற்கும். எல்லாருக்கும் நிம்மதி. கட்டிக்கொடுக்கப்படுகிற ஆளைத் தவிர.

நான் வாதத்தில் ஜெயித்திருந்தேன். அதுதான் இன்னும் எரிச்சல். தோற்றிருந்தால்கூட இவ்வளவு இருக்காது.

இந்த நேரத்தில் அம்மா மில்லிலிருந்து வந்தாள், தலையில் மாவு வாளியோடு. வாசலிலேயே வர்த்தி கண்ணில் பட்டுவிட்டது. வாளியை இறக்கினாள். குடுக்கைகளை எண்ணவில்லை, அப்பாவின் சட்டைக்கையைப் பார்த்தாள். போதுமாயிருந்தது.

“வாசம் வந்ததும் போயிட்டியா?”

“செனாய்தா, நான் விருந்துக்குன்னு நெனச்சு...”

“ஓகோ. நீ என்னைக்கு வேற நெனச்ச.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “நீ எவ்வளவு நேரமா இங்க நின்னு பேசுற?”

“துணி காயப்போட்டு இறங்கினதுல இருந்து.”

“எதுக்கு?”

“ஜெயிக்கத்தான்.”

“ஜெயிச்சியா?”

“ஜெயிச்சேன்.”

“என்ன கெடச்சுது?”

பக்கெட்டைக் காலால் ஓரமாகத் தள்ளினேன். பாதர் தரையைப் பார்த்தார். அம்மா யாரையும் திட்டவில்லை. தலைச் சும்மாட்டை அவிழ்த்து உதறினாள், மாவு பறந்து கிரெசென்சியா மேல் விழுந்தது.

கிரெசென்சியா அதைத் தட்டிவிட்டு, கடைசிச் சீட்டை இறக்கினாள். “கூடையைத் திருப்பினா எடுத்துக்கிட்டுப் போறேன் செனாய்தா, எனக்கென்ன. ஆனா ஞாயித்துக்கிழமை விருந்துக்கு எங்க வீட்டுப் பொம்பளைங்க ஒருத்திகூட வரமாட்டா. ஊருக்கே கொக்கோ அரைக்கணும். நீங்க ரெண்டு பேரா அரைச்சுத் தீந்துருமா?”

அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். இதுவரை ஆண்டவர், வாக்கு, நுரை என்று சுற்றிச் சுற்றிப் பேசினார்கள். கடைசியில் நின்ற இடம் இதுதான்: அம்மிக்கு முன்னால் மண்டி போடக் கைகள் குறையும். என் கையும் அந்தக் கணக்கில் இருக்கிறது. ஊர் முழுக்கக் குடிக்கிற சாக்லேட்டைப் பொம்பளைகள் முட்டி தேய அரைப்பார்கள், தோள் கழல நுரை கடைவார்கள். அதைக் குடித்துவிட்டு ஆம்பளைகள் நாற்காலியில் உட்கார்ந்து, இது தண்ணியா தீனியா என்று தீர்ப்புச் சொல்வார்கள். பாப்பரசர் தொடங்கி பிலோகோனியோ வரைக்கும். என் ஆய்வேட்டில் இந்த ஒரு வரி மட்டும் இல்லை.

“அப்பா, அரைக்க ஆள் வேணும்னா, இங்கேயே மூணு ஆம்பளை இருக்கீங்க” என்றேன். “அம்மி கடிக்காது.”

“நானா?” என்றார் பாதர்.

“நீங்களும்தான் குடிச்சீங்க.”

பிலோகோனியோ சிரித்தார், நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்து. அப்பா சிரிக்கவில்லை. “ஒத்தீலியா, நாலு பேருக்கு முன்னால எம் மானத்த வாங்காத. மூணு நாள் இரு. விருந்து முடியட்டும். அப்புறம் பேசிக்கலாம்.”

“மூணு நாள்ல என்னப்பா மாறும்?”

“ஒண்ணும் மாறாது. அதான் சொல்றேன், இருந்துட்டுப் போ.”

அவர் கெட்டவர் இல்லை. பசித்த மனுஷன். ஆனால் நான் மூன்று நாள் இருந்தால் அம்மிக்கு முன்னால் இருப்பேன். அம்மிக்கு முன்னால் இருப்பவளைப் பார்க்க லியோபார்தோவின் சொந்தமெல்லாம் வரும். பார்த்தவர்கள் கையில் ஆளுக்கொரு குடுக்கை இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் ஊரே சாட்சியாகிவிடும்.

உள்ளே போய் பையை எடுத்தேன். அம்மா அடுப்படி வாசலில் நின்றாள். நிறுத்தவில்லை, அழவில்லை. “சனிக்கிழமைக்குள்ள எனக்கு மாவு தீரணும், வழிய விடு” என்று சொல்லித் தள்ளி நின்றாள். வழியை விட்டது அவள்தான்.

நான் பீட அறையைத் தாண்டும்போது உள்ளே வேறு பிரச்சினை கிளம்பியிருந்தது.

“இவ போயிட்டா வாக்கு முறிஞ்சதா, இல்லையா?” என்று கிரெசென்சியா கேட்டாள்.

“பொண்ணு போனா வாக்கு போகாது. வாக்கு அப்பன் குடுத்தது” என்றார் பிலோகோனியோ.

“அப்ப அப்பனையே எம் மகனுக்குக் கட்டிவைக்கிறதா?”

“பாதர், இதுக்கு ரோமாபுரியில ஏதாவது...” என்று அப்பா ஆரம்பித்தார்.

“கொஞ்சம் தண்ணி குடுங்க” என்றார் பாதர். “வெறுந்தண்ணி.”

நான் வாசற்படி இறங்கினேன். நெடுஞ்சாலை வரைக்கும் வெயிலில் நடக்க வேண்டும், பெரிய வியாழனில் வேன் வந்தால் உண்டு. பின்னால் கிரெசென்சியா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், சித்தியாகவா அத்தையாகவா என்று தெரியவில்லை. நான் பையைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தேன்.